வேகத்தில் கார் மிதக்கிறதா? டவுன்ஃபோர்ஸ் கோளாறுகளை அறிகுறி வைத்துப் பிடிக்கும் முறை

ஓடும் காரைக் காற்று தரையோடு அழுத்தும் விசையே டவுன்ஃபோர்ஸ். அதற்காகக் காரின் பின்னால் பெரிய ரியர் விங் (தலைகீழான விமான இறக்கை போன்ற பலகை) மாட்டியவர்கள் வந்து சொல்லும் புகார் பெரும்பாலும் முன்சக்கரத்தைப் பற்றியதாக இருக்கும். ஸ்ப்ளிட்டர் (முன்பம்பரின் அடியில் கிடையாக நீளும் பலகை) மாட்டியவர்கள், பிரேக் மிதித்தால் பின்பக்கம் அலைகிறது என்பார்கள். காற்று சம்பந்தப்பட்ட கோளாறின் குணமே இதுதான். அறிகுறி ஒரு முனையில் தெரியும், காரணம் மறுமுனையிலோ கண்ணில் படாத அடிப்பக்கத்திலோ இருக்கும். அதனால் எடுத்தவுடன் விங்கின் கோணத்தைத் திருக வேண்டாம். கார் எந்த வேகத்தில், எந்த நேரத்தில், என்ன செய்கிறது என்பதை முதலில் எழுதி வையுங்கள்.

கீழே உள்ள கணக்குகள் போர்ஷே 911, கேமன், டொயோட்டா ஜிஆர்86 அளவிலான, வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) ஏறத்தாழ 2.5 மீட்டர் உள்ள கார்களுக்கானவை. சோதனைகளை மூடிய ரேஸ் டிராக்கில் மட்டுமே செய்யுங்கள். இவற்றில் எதையும் பொதுச் சாலையில் செய்து பார்க்கக் கூடாது.

முதலில்: இது காற்றின் வேலைதானா?

காற்று தரும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. 1.6 மீட்டர் நீளமும் 25 செ.மீ. அகலமும் உள்ள சாதாரண ஒற்றை விங், நல்ல காற்றில் 200 கி.மீ. வேகத்தில் சுமார் 90 கிலோ அழுத்தும். அதே விங் 60 கி.மீ. வேகத்தில் தருவது 8 கிலோ மட்டுமே. 60 கி.மீ. வளைவில் கார் சறுக்கினால் அந்த 8 கிலோவுக்கு அதில் பங்கு கிடையாது. டயர் அழுத்தம், வீல் அலைன்மென்ட், ஆன்டி ரோல் பார் (வளைவில் கார் பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் கம்பி) ஆகியவற்றைப் பாருங்கள்.

சோதனை எளிது. ஒரே டிராக்கில் 70 கி.மீ.க்குக் குறைவான வளைவு ஒன்று, 130 கி.மீ.க்கு மேற்பட்ட வளைவு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மெதுவான வளைவில் சமநிலை சரியாக இருந்து, வேக வளைவில் மட்டும் கெட்டால் அது காற்று. இரண்டிலும் ஒரே மாதிரி கெட்டால் சஸ்பென்ஷன். மெதுவான வளைவில் ஓவர்ஸ்டீர் (பின்சக்கரம் பிடியிழந்து வெளியே சறுக்குவது), வேக வளைவில் அண்டர்ஸ்டீர் (முன்சக்கரம் பிடியிழந்து கார் போதிய அளவு திரும்பாதது) என்று மாறி வந்தால், முதலில் மெதுவான வளைவைச் சஸ்பென்ஷனால் சரிசெய்துவிட்டு அப்புறம் காற்றுக்கு வாருங்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் ஒரு தவறை இன்னொரு தவறால் மூடுகிற நிலைதான் வரும்.

தேவையான கருவிகள் விலை அதிகமில்லை: டிஜிட்டல் கோணமானி, 10 செ.மீ. கம்பளி நூல் துண்டுகள், டேப், ஒரு ஆக்‌ஷன் கேமரா, மெல்லிய ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாய், அளவு நாடா. கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் நான்கு டேம்பர்களிலும் (ஷாக் அப்சார்பர்) நகர்வை அளக்கும் சென்சார் மாட்டுங்கள். இந்த வேலையில் ஊகத்தை அளவாக மாற்றுவது அதுதான். டேம்பர் தண்டில் ஜிப் டை கட்டிப் பார்க்கும் பழக்கம் இருக்கிறது. அது பள்ளம், பிரேக் எல்லாம் சேர்ந்த உச்ச நகர்வைத்தான் காட்டும். கார் அடி தட்டுகிறதா என்று அறிய அது போதும், டவுன்ஃபோர்ஸை அளக்க உதவாது.

சென்சார் வைத்து அளக்கும் முறை: நேர்ப்பாதையில் 60 கி.மீ. வேகத்தில் ஒருமுறை, 160 கி.மீ. வேகத்தில் ஒருமுறை, கிளட்சை மிதித்து உருளவிட்டு டேம்பரின் சராசரி நிலையைப் பதிவு செய்யுங்கள். என்ஜின் இழுத்துக்கொண்டிருந்தால் பின்பக்க அளவு கெட்டுப்போகும் என்பதால்தான் கிளட்ச். இரு திசையிலும் ஓட்டி, பலமுறை எடுத்துச் சராசரி காணுங்கள், டேம்பரின் உராய்வு ஒற்றை அளவை எளிதில் ஏமாற்றும். டேம்பர் நகர்வை ஸ்பிரிங் விகிதத்தாலும் (ஸ்பிரிங் 1 மி.மீ. அமுங்கத் தேவையான விசை) மோஷன் ரேஷியோவாலும் பெருக்கினால் அந்தச் சக்கரத்தின் மீது கூடிய சுமை கிடைக்கும். மோஷன் ரேஷியோ என்பது சக்கரம் 1 மி.மீ. ஏறும்போது டேம்பர் நகரும் அளவு. எடுத்துக்காட்டு: ஒவ்வொரு பக்கமும் 2 மி.மீ. அமுங்கியது, ஸ்பிரிங் 70 நியூட்டன்/மி.மீ., ரேஷியோ 0.9 என்றால் பக்கத்துக்கு 126 நியூட்டன். இரண்டு பக்கமும் சேர்த்து முன் ஆக்சிலில் சுமார் 26 கிலோ. டேம்பர் அமுங்காமல் நீண்டிருந்தால் அது லிஃப்ட், அதாவது காற்று காரைத் தூக்குகிறது.

முன்னும் பின்னும் கிடைத்த எண்களிலிருந்து முன்பக்கத்தின் பங்கைக் கணக்கிடுங்கள். நின்ற நிலையில் காரின் எடையில் முன்பக்கப் பங்கு 45 சதவீதம் என்றால், டவுன்ஃபோர்ஸில் முன்பக்கப் பங்கு 41 முதல் 43 சதவீதம் இருக்கும்படி தொடங்குவது பாதுகாப்பானது. வேகம் கூடக்கூடக் கார் மெல்ல அண்டர்ஸ்டீர் பக்கம் சாயும், ஓட்டுபவருக்கு எச்சரிக்கை கிடைக்கும்.

அறிகுறி: நேர்ப்பாதையில் வேகம் ஏற ஏற ஸ்டீயரிங் லேசாகிறது, வேக வளைவில் மூக்கு உள்ளே திரும்ப மறுக்கிறது

மிகவும் அடிக்கடி வருவது இதுதான். நான்கு காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள்.

முதல் சந்தேகம் ரியர் விங். விங் பின் ஆக்சிலுக்கு மேலே இருப்பதில்லை, அதற்கும் பின்னால் தொங்குகிறது. கிணற்று ஏற்றத்தின் ஒரு முனையில் ஆள் ஏறினால் மறுமுனை எழுவதுபோல, விங் அழுத்தும்போது மூக்கு எழுகிறது. கணக்கு இப்படி: விங் 90 கிலோ அழுத்துகிறது, பின் ஆக்சிலுக்கு 0.7 மீட்டர் பின்னால் இருக்கிறது. பின் ஆக்சிலில் 115 கிலோ கூடும், முன் ஆக்சிலில் 25 கிலோ குறையும். விங்கின் காற்றிழுவை 15 கிலோ, தரையிலிருந்து உயரம் 1.2 மீட்டர் என்றால் அதுவும் முன்னிருந்து 7 கிலோவை எடுத்துப் பின்னுக்குத் தரும். ஆக, 90 கிலோ விங் ஒன்று முன்சக்கரங்களிலிருந்து 32 கிலோவைப் பிடுங்கிவிட்டது. முன்னால் எதுவும் சேர்க்காமல் விங் மட்டும் மாட்டிய காரில் ஸ்டீயரிங் லேசாவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. கோணத்தை 2 டிகிரி குறைத்து மறுபடி ஓட்டுங்கள். அறிகுறி குறைந்தால் தீர்வு முன்பக்கத்தில் டவுன்ஃபோர்ஸ் சேர்ப்பதுதான். பின்பக்கம் ஏற்கெனவே ஆடுகிற கார் என்றால் விங்கை நிரந்தரமாகக் குறைத்து வைக்காதீர்கள்.

இரண்டாவது, காரின் சாய்வு. பின் ஆக்சிலில் 2,000 நியூட்டன் கூடி, சக்கரத்தில் அளந்த ஸ்பிரிங் விகிதம் பக்கத்துக்கு 50 நியூட்டன்/மி.மீ. என்றால் பின்பக்கம் 20 மி.மீ. அமர்ந்துவிடும். 2.5 மீட்டர் வீல்பேஸில் 44 மி.மீ. ஒரு டிகிரி. எனவே கார் ஏறக்குறைய அரை டிகிரி மூக்கை நிமிர்த்திக்கொள்கிறது, ஸ்ப்ளிட்டர் தரையைவிட்டு விலகுகிறது, முன்பக்க விசை இன்னும் குறைகிறது. நிற்கும் காரில் முன்பக்கம் 10 முதல் 20 மி.மீ. தாழ்வாக இருப்பது நல்லது. ஆனால் ஓடும்போது அந்தச் சாய்வு மிஞ்சுகிறதா என்பதே கேள்வி. மிஞ்சாவிட்டால் பின் ஸ்பிரிங்கைக் கடினமாக்குங்கள், அல்லது நிற்கும்போதே பின்பக்கத்தை 10 மி.மீ. உயர்த்துங்கள்.

மூன்றாவது, ஸ்ப்ளிட்டரே. ஸ்ப்ளிட்டர் மேலே விழும் காற்றால் மட்டும் அழுத்துவதாகப் பலர் நினைக்கிறார்கள். அதன் அடியில் வேகமாகப் பாயும் காற்று உருவாக்கும் உறிஞ்சுதான் பெரிய பங்கு. அதனால் பம்பருக்கு வெளியே நீட்டிக்கொண்டே போவதைவிட, அடித்தட்டை முன் ஆக்சில் வரை பின்னோக்கி வழுவழுப்பாகக் கொண்டுபோவது அதிகப் பலன் தரும். முன் விளிம்பின் அடிப்பக்கம் உருண்டையாக இருக்க வேண்டும், கத்தி விளிம்பு காற்றைப் பிய்த்துவிடும். பம்பருக்கும் ஸ்ப்ளிட்டருக்கும் நடுவே விரல் நுழையும் சந்து இருந்தால் மேலேயுள்ள அழுத்தக் காற்று கீழே கசிந்து வேலையைக் கெடுக்கும், ரப்பர் பட்டை வைத்து அடையுங்கள். தரை உயரத்தை 80 முதல் 100 மி.மீ.யில் தொடங்கி 5 மி.மீ. வீதம் இறக்குங்கள். இறக்க இறக்க விசை கூடும், ஒரு கட்டத்துக்குமேல் அடியில் காற்று நுழைய இடமில்லாமல் திடீரென விழும்.

உறுதியையும் சோதியுங்கள். முன் விளிம்பில் ஓர் ஆள் ஏறி நிற்க வேண்டும். 3 மி.மீ.க்கு மேல் வளைந்தால் வேகத்தில் ஸ்ப்ளிட்டர் கீழ்நோக்கி வளைந்து தரையைத் தொடும், அல்லது அதிரும். 12 மி.மீ. பிர்ச் பிளைவுட் போதும். ஆனால் தாங்கு கம்பிகள் பம்பர் பிளாஸ்டிக்கில் மாட்டியிருந்தால் எந்தப் பலகையும் நிற்காது. கம்பியின் மேல்முனை கார் உடலின் இரும்புச் சட்டத்தில் போய்ச் சேர வேண்டும்.

நான்காவது, பானெட்டுக்குள் அடைபடும் காற்று. ரேடியேட்டர் வழியாக உள்ளே போனது வெளியேற வழியில்லாமல் பானெட்டைத் தூக்கும், அடிப்பக்கம் இறங்கி ஸ்ப்ளிட்டருக்குப் பின்னுள்ள உறிஞ்சையும் கொல்லும். பிளாஸ்டிக் குழாயை U வடிவில் வளைத்துத் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைப் பானெட்டின் மேல்பரப்பில் ஒட்டியும் மறுமுனையைப் பானெட்டுக்கு அடியில் விட்டும் அளக்கலாம். 1 மி.மீ. நீர் வித்தியாசம் என்றால் சதுர மீட்டருக்கு 1 கிலோ. 1.2 சதுர மீட்டர் பானெட்டில் 100 கி.மீ. வேகத்தில் 10 மி.மீ. வித்தியாசம் தெரிந்தால் 12 கிலோ மேல்நோக்கித் தள்ளுகிறது, 200 கி.மீ. வேகத்தில் 48 கிலோ. காற்றுத் திறப்புகளைப் பானெட்டின் முன்பாதியில், மேல்பரப்பு அழுத்தம் குறைந்த இடத்தில் வெட்டுங்கள். முன்கண்ணாடியின் அடிவாரத்தில் வெட்டினால் அங்கே வெளியழுத்தம் அதிகம், காற்று உள்ளேதான் வரும். முன்சக்கர வளைவுக்குள் சுழலும் காற்றுக்கும் இதே நியாயம். 2022-இல் வந்த 992 தலைமுறை போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ் இந்த இரண்டையும் முழுமையாகச் செய்திருக்கிறது. ரேடியேட்டரை மூக்கின் நடுவே வைத்து வெப்பக் காற்றைப் பானெட் வழியே மேலே விடுகிறது, மட்கார்டின் மேல் வெட்டிய திறப்புகளால் சக்கர வளைவின் அழுத்தத்தை இறக்குகிறது. போர்ஷே அந்தக் காருக்குச் சொல்லும் மொத்த டவுன்ஃபோர்ஸ் 200 கி.மீ. வேகத்தில் 409 கிலோ, 285 கி.மீ. வேகத்தில் 860 கிலோ.

அறிகுறி: அதிவேகத்தில் பிரேக் மிதித்தால், அல்லது ஆக்சிலரேட்டரைத் திடீரென விட்டால், பின்பக்கம் அலைகிறது

பிரேக்கில் முன்பக்கம் 15 மி.மீ. அமுங்கி பின்பக்கம் 15 மி.மீ. எழுந்தால் கார் 0.7 டிகிரி குனிகிறது. ஸ்ப்ளிட்டர் தரையை நெருங்கி அதன் விசை எகிறுகிறது, விசையின் மையம் முன்னே ஓடுகிறது, பின்சக்கரம் ஏற்கெனவே எடை இழந்திருக்கும் அதே நொடியில். இங்கே விங் கோணத்தைக் கூட்டுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் அது கடைசி மருந்தாக இருக்கட்டும். முதலில் ஸ்ப்ளிட்டரை 5 முதல் 10 மி.மீ. உயர்த்துங்கள். அடுத்து முன் டேம்பரின் மெதுவேகக் கம்ப்ரெஷனை (மெதுவாக அமுங்கும்போது டேம்பர் தரும் தடை) இரண்டு கிளிக் கூட்டுங்கள், தேவைப்பட்டால் முன் ஸ்பிரிங்கைக் கடினமாக்குங்கள். அதற்குப் பிறகும் மிச்சமிருந்தால் விங்கை 1 டிகிரி ஏற்றுங்கள்.

விங் எதுவும் இல்லாத, பின்புறம் உருண்டு சரியும் காரில் இதே அறிகுறி வந்தால் காரணம் உடல் வடிவமே. காற்று அந்தச் சரிவை ஒட்டியே வழிந்து, மேல்பரப்பில் உறிஞ்சை உருவாக்கிப் பின்பக்கத்தைத் தூக்குகிறது. முதல் தலைமுறை ஆடி டிடி இதற்கு நன்கு அறியப்பட்ட உதாரணம். அதிவேகத்தில் தடம் மாறும்போது பின்பக்கம் பிடியிழந்து ஜெர்மனியில் விபத்துகள் நடந்தன. ஆடி அந்தக் கார்களைத் திரும்ப அழைத்துப் பின்புறச் சிறு ஸ்பாய்லரும் மாற்றியமைத்த சஸ்பென்ஷனும் இஎஸ்பி என்ற சறுக்கல் தடுப்பு மின்னணு அமைப்பும் சேர்த்தது. இங்கே பெரிய விங் தேவையில்லை. 1973 மாடல் 911 கரேரா ஆர்எஸ் 2.7-இன் வாத்துவால் போன்ற உயர்ந்த விளிம்பு ஒன்று, சரிவின் கடைசியில் காற்றைத் தடுத்து அழுத்தத்தைக் கூட்டிப் பாதிக் கதையை முடித்துவிடும். விளிம்பின் இரு ஓரங்களிலும் இடைவெளி விடாமல் ஒட்டுங்கள்.

அறிகுறி: விங் கோணத்தைக் கூட்டியும் பிடிமானம் கூடவில்லை, உச்சவேகம் மட்டும் குறைகிறது

விங் ஸ்டால் ஆகிவிட்டது. விங்கின் அடிப்பரப்பில் ஓடும் காற்று பரப்பைவிட்டுப் பிரிந்துவிட்டது என்று பொருள். விங்குக்கு அடிப்பக்கமே உயிர். கழுத்து வளைந்து மேலிருந்து பிடிக்கும் ஸ்வான் நெக் தாங்கிகள் வந்ததற்கும் அதுவே காரணம்.

கம்பளி நூல் துண்டுகளை விங்கின் அடியில் 10 செ.மீ. இடைவெளியில் மூன்று வரிசையாக ஒட்டி, கேமராவைப் பின்கண்ணாடியருகே மேல்நோக்கி வைத்து 120 கி.மீ. வேகத்தில் ஓட்டுங்கள். நூல்கள் நேராகப் பின்னோக்கிப் படுத்திருந்தால் காற்று ஒட்டியிருக்கிறது. சுழன்றாலோ முன்னோக்கி மடங்கினாலோ அந்த இடத்தில் பிரிந்துவிட்டது. பெரும்பாலும் நடுப்பகுதியில்தான் முதலில் தெரியும். கூரையைத் தாண்டி வரும் காற்று கீழ்நோக்கிச் சரிந்து வருவதால் விங்கின் நடுப்பகுதி, கோணமானி காட்டுவதைவிடப் பல டிகிரி அதிகக் கோணத்தைச் சந்திக்கிறது. ஓரங்களில் காற்று கிட்டத்தட்ட நேராக வருகிறது. கோணமானியில் 10 டிகிரி என்று வைத்தவர் நடுவில் 16 டிகிரிக்கு மேல் வைத்திருக்கக்கூடும், சாதாரண ஒற்றை விங் அங்கே தாங்காது. எனவே 0 டிகிரியில் தொடங்கி 1 டிகிரி வீதம் ஏற்றுங்கள், ஒவ்வொரு படியிலும் நூலைப் பாருங்கள்.

ஸ்டால் ஆகாமலேயே பலன் இல்லையென்றால் உயரம் போதவில்லை. டிக்கி தனியாக நீட்டியிருக்கும் செடான் உடல்களில் கூரைக்குப் பின்னால் கலங்கிய காற்று நிற்கும். அதற்குள் மூழ்கிய விங் எடைதான், பயனில்லை. கூரை மட்டத்துக்கு அருகே கொண்டுபோங்கள். மேலே சொன்ன ஜிடி3 ஆர்எஸ்ஸின் விங் கூரையைவிட உயரமானது.

இன்னும் கொஞ்சம் விசை மட்டும் வேண்டுமென்றால் கர்னி ஃபிளாப் இருக்கிறது. அமெரிக்க ஓட்டுநர் டான் கர்னி 1971-இல் விங்கின் பின்விளிம்பில் செங்குத்தாக ஒட்டிய சிறு தகடு அது. விங் அகலத்தில் 2 சதவீத உயரம் போதும், 25 செ.மீ. விங்குக்கு 5 மி.மீ. அதைக் காற்று முட்டும் மேல்பக்கத்தில் நிறுத்த வேண்டும். 10 மி.மீ. தாண்டினால் கிடைக்கும் விசையைவிட இழுவை வேகமாகக் கூடும். இழுவைக்கும் விலை உண்டு: 200 கி.மீ. வேகத்தில் 15 கிலோ இழுவை என்பது 11 குதிரைத்திறன்.

அறிகுறி: விங் அதிர்கிறது, டிக்கி மூடி அமுங்கி எழுகிறது

உடனே பிட்டுக்குள் (டிராக்கை ஒட்டிய பழுதுபார்க்கும் இடம்) வாருங்கள், சுற்றை முடிக்க வேண்டாம். 1969-இல் பார்சிலோனாவின் மோன்ட்ஜுயிக் பந்தயத்தில் உயரமான விங்குகள் உடைந்து கிரஹாம் ஹில், யோகன் ரின்ட் இருவரின் லோட்டஸ் கார்களும் தடுப்பில் மோதின. அதன்பின்தான் ஃபார்முலா ஒன்னில் அந்த உயர விங்குகள் தடைசெய்யப்பட்டன. டிக்கியின் மெல்லிய தகட்டில் நேரடியாகப் போல்ட் போடாதீர்கள். அடியில் 3 மி.மீ. அலுமினியத் தகடு கொடுங்கள், இயன்றால் தாங்கியைச் சேசிஸ் வரை இறக்குங்கள். நிற்கும் காரில், எதிர்பார்க்கும் உச்ச விசையைப்போல் இரு மடங்கு எடையுள்ள மணல் மூட்டைகளை விங்கின் மேல் பரப்பி வைத்து, வளைவையும் போல்ட்டுகளையும் பாருங்கள்.

அறிகுறி: டிஃப்யூசர் போட்டும் எந்த மாற்றமும் இல்லை

டிஃப்யூசர் என்பது காரின் அடிப்பக்கம் பின்முனையில் மேல்நோக்கிச் சரியும் பகுதி. நீங்கள் போட்டது அநேகமாக அலங்காரம். பின்பம்பருக்குக் கீழே துடுப்புகள் மட்டும் மாட்டி, அதற்கு முன்னால் சைலன்சரும் சஸ்பென்ஷனும் திறந்து கிடந்தால் டிஃப்யூசருக்குக் காற்றே வராது. முன்னால் தட்டையான அடித்தட்டு வேண்டும். கோணம் 7 முதல் 10 டிகிரி, தட்டையிலிருந்து சரிவுக்கு மாறும் இடம் மழுங்கலான வளைவாக இருக்க வேண்டும். 15 டிகிரிக்கு வெட்டினால் பார்க்க அழகு, காற்று பிரிந்துவிடும். பின்பக்கத்தை உயர்த்தினால் டிஃப்யூசர் கோணமும் அதே அளவு கூடும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

அறிகுறி: நேர்ப்பாதையில் கார் தொடர்ந்து துள்ளுகிறது

அடிப்பக்க உறிஞ்சு காரை இழுக்கிறது, மிகத் தாழ்ந்ததும் காற்று அடைபட்டு உறிஞ்சு அறுகிறது, கார் எழுகிறது, மறுபடி இழுக்கிறது. 2022 பருவத்தின் தொடக்கத்தில் ஃபார்முலா ஒன் அணிகள் பலவும் போராடிய போர்பாய்சிங் இதுதான். தரை உயரத்தை 5 முதல் 10 மி.மீ. கூட்டினால் பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் ஸ்பிரிங் மென்மையாக இருக்கிறது.

அறிகுறி: மேட்டின் உச்சியைத் தாண்டும்போது மூக்கு எழுகிறது

மேலே உள்ள எந்தக் கோளாறையும்விட இதற்குத்தான் பயப்பட வேண்டும். மூக்கு ஓரளவுக்குமேல் நிமிர்ந்தால் தட்டையான அடிப்பரப்பு முழுவதும் காற்றை ஏந்தும் இறக்கையாகிவிடும், அதன்பின் ஸ்டீயரிங்குக்கும் பிரேக்குக்கும் வேலை இல்லை. 1999-இல் பிரான்ஸின் லெ மான்ஸ் டிராக்கில் மெர்சிடிஸ் சிஎல்ஆர் கார்கள் மூன்று முறை இப்படிப் பறந்தன. பந்தயத்துக்கு முந்தைய ஓட்டங்களில் மார்க் வெப்பருக்கு இருமுறையும், பந்தயத்தின்போது பீட்டர் டம்ப்ரெக்குக்கு ஒருமுறையும் நடந்தது. சக்கரங்களுக்கு வெளியே முன்னும் பின்னும் நீண்டிருந்த உடலும், சாய்வு மாறினால் சட்டென மாறும் விசையும் அதில் சேர்ந்திருந்தன.

நீண்ட ஸ்ப்ளிட்டரும் பெரிய விங்கும் முழு அடித்தட்டும் உள்ள காரில் இந்த அறிகுறி லேசாகத் தெரிந்தாலும் அன்றைய ஓட்டத்தை நிறுத்துங்கள். பின் விங்கைக் குறையுங்கள், முன்பக்கத்தைத் தாழ்த்தி வையுங்கள், முன் டேம்பரின் ரீபவுண்டை (அமுங்கியது மீண்டும் நீளும்போது தரும் தடை) சரிபாருங்கள், ஸ்ப்ளிட்டரின் முன்நீட்சியை வெட்டுங்கள். வேறொரு கார் அருகே முன்னால் போகும்போது முன்பக்க விசை மேலும் குறையும். மேட்டில் ஒட்டிப் பின்தொடர வேண்டாம்.

அறிகுறி: காலையில் சரியாக இருந்த கார் மதியம் மாறிவிட்டது, அல்லது ஒரு வளைவில் மட்டும் கெடுகிறது

எதையும் கழற்றும் முன் காற்று வீசும் திசையைப் பாருங்கள். 150 கி.மீ. வேகத்தில் போகும் காருக்கு எதிரே 20 கி.மீ. காற்று வீசினால் டவுன்ஃபோர்ஸ் 28 சதவீதம் கூடும். பின்னிருந்து அதே காற்று வீசினால் 25 சதவீதம் குறையும். ஒரே டிராக்கின் இரு வளைவுகளுக்கு இடையே இத்தனை வித்தியாசம் வந்தால் எந்த அமைப்பும் இரண்டுக்கும் பொருந்தாது.

வெப்பத்தின் பங்கு சிறியது, ஆனால் உண்டு. சென்னை அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் 38 டிகிரி வெயிலில் காற்றின் அடர்த்தி 15 டிகிரியில் இருப்பதைவிட 7 சதவீதம் குறைவு, டவுன்ஃபோர்ஸும் அதே அளவு குறையும். சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் உள்ள மெக்சிகோ நகர டிராக்கில் இழப்பு ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டும், ஃபார்முலா ஒன் அணிகள் அங்கே பெரிய விங்கை மாட்டியும் குறைந்த விசையோடுதான் ஓடுகின்றன. அடர்த்தி மாறினால் முன்னும் பின்னும் சேர்ந்தே குறையும், சமநிலை பெரிதாகக் கெடாது. மதியத்தில் சமநிலையே கெட்டிருந்தால் டயர் அழுத்தத்தை அளந்துவிட்டு, ஸ்ப்ளிட்டர் கம்பி தளர்ந்ததா, அடித்தட்டின் போல்ட் விழுந்ததா என்று காரை ஜாக்கியில் ஏற்றிப் பாருங்கள். ஒவ்வொரு ஓட்டத்தின் குறிப்பிலும் விங் கோணம், நான்கு மூலைகளின் தரை உயரம் ஆகியவற்றோடு வெப்பநிலையையும் காற்றின் திசையையும் எழுதுங்கள். இவை இரண்டும் ஒத்துப்போகும் ஓட்டங்களை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள்.